பதினெட்டு வருசம் இருந்த மாகாணம்

அம்மா ஆசிரியையாகச் சேர்ந்தபோது கிடைத்த நியமனக் கடிதம் எங்கட மானிப்பாய் வீட்டு அலுமாரியில இன்னும் கிடக்கு. தலைப்பில ‘வடக்கு கிழக்கு மாகாணம்’, கீழே ‘திருகோணமலை’. யாழ்ப்பாணத்தில படிப்பிக்கிற ஆளுக்கு ஏன் அங்கயிருந்து கடிதம் வந்தது எண்டு கேட்டன். “அப்ப ரெண்டும் ஒண்டுதானே” எண்டு சொன்னா.

அந்த ‘ஒண்டு’ பிறந்தது ஒரு நிபந்தனையோடு. 1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாகவே இணைத்தது. இணைப்பு தொடரவேண்டுமா என்று 1988 டிசம்பர் 31க்கு முன் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும். ஆனால் ஜனாதிபதி விரும்பினால் அதைப் பிற்போடலாம்.

1988 செப்ரெம்பரில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா இணைப்பைப் பிரகடனம் செய்தார். நவம்பரில் தேர்தல். மொத்தம் 71 ஆசனங்கள். வடக்கின் 36க்கும் போட்டியே இல்லை. கிழக்கில் மட்டும்தான் வாக்களிப்பு. ஈ.பி.ஆர்.எல்.எஃப்.இன் வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச்சில், இந்தியப் படை வெளியேறும் நேரத்தில், ஈழப் பிரகடனத்தை அறிவித்துவிட்டு அவரும் இந்தியா போனார். பிறகு சபை கலைக்கப்பட்டது.

யோசிச்சுப் பாருங்கோ: 18 வருசம் இருந்த மாகாணத்தில தெரிவான ஆட்சி ஒண்டரை வருசம் கூட இல்லை. மிச்சக் காலம் ஆளுநரும் அதிகாரிகளும்தான்.

வாக்கெடுப்பு? மாறி மாறி வந்த ஜனாதிபதிமார் பிற்போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஜே.வி.பி.யின் ஆதரவோடு போடப்பட்ட வழக்குகளில், 2006 ஒக்ரோபர் 16இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றிருக்கவேண்டும் என்று சட்டம் வைத்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பது காரணம். 2007 ஜனவரி 1இலிருந்து மீண்டும் இரண்டு மாகாணங்கள். கிழக்குக்கு 2008இல் மாகாணசபை கிடைத்தது. வடக்கு 2013 வரை காத்திருந்தது.

இந்தக் கதையை எங்கட பக்கம் ஒரு இழப்பாகத்தான் சொல்லுவினம். எனக்கும் அது இழப்புத்தான். ஆனால் சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் கிழக்கில இருந்த தமிழர், முஸ்லிம்கள், சிங்களவரிட்ட ஒருத்தரும் கேட்கேல்ல. கேட்டிருந்தால் ‘வேண்டாம்’ எண்ட பதிலும் வந்திருக்கலாம்.

கம்பஸில என்னோட அக்கரைப்பற்றுப் பெடியன் ஒருத்தன் படிக்கிறான். ரெண்டு வருசமா பக்கத்துக் கதிரை. ‘இணைப்பு வேணும்’ எண்டு அவனுக்கு முன்னால எத்தனையோ தரம் கதைச்சிருக்கிறன். “உனக்கு வேணுமா?” எண்டு நானும் ஒருநாள் கூடக் கேட்டதில்லை.