கறுப்பு நாரையும் செக்ரோலும்

என் சின்னத் தாத்தா சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கால் வளைந்திருந்தது. வயசு வந்ததும் பெரட்டில் போய் நின்றார். செக்ரோலில் பேர் ஏறவில்லை. "மலைமரம் வெட்ட நீ ஆவமாட்டடா"ன்னு கிராணி திருப்பி அனுப்பிட்டாராம்.

'கறுப்பு நாரை' என்ற அமெரிக்க ஊமைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

1915 நவம்பரில், சிகாகோவில் உடற்குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் ஹாரி ஹெய்செல்டன் மறுத்தார். சில நாளில் குழந்தை இறந்தது. அவர் அதை மறைக்கவில்லை. பத்திரிகைகளிடம் பெருமையாகவே பேசினார். பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர்கூட அவரை ஆதரித்து எழுதினார். 1917-இல் அது படமானது. டாக்டராக அவரே நடித்தார். குழந்தை பிழைத்தால் துயரப்பட்டுக் குற்றவாளியாவான் என்று தாய்க்கு ஒரு காட்சி தெரிகிறது. அவள் சம்மதிக்கிறாள். குழந்தையின் ஆன்மா இயேசுவின் கைகளில் போய்ச் சேர்கிறது. முதல் வடிவத்தில் நோய்க்கு வேர், நாயகனின் தாத்தா ஓர் அடிமைப் பெண்ணோடு கொண்ட உறவு. பழி எங்கே போய் விழுகிறது பாருங்கள்.

பிற்பாடு இந்தப் படத்தை வெட்டி ஒட்டி மறுபடி வெளியிட்டபோது வைத்த தலைப்பு: 'கல்யாணத்துக்கு நீங்கள் தகுதியானவரா?'

தகுதி. இந்தக் கேள்வியை நம்ம ஆளுங்க சந்திக்கப் படம் தேவைப்படவில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறும் முன்பே டிப்போவில் உடம்பைச் சோதித்தார்கள். தோட்டத்தில் காய்ச்சல் வந்து கொத்துக்கொத்தாகச் செத்தபோது, வந்தவர்களே நோஞ்சான்கள் என்ற பேச்சு துரைமார் மத்தியில் இருந்தது. ஆனால் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் சதுப்பை வடியவைத்து, மலேரியாச் சாவைக் குறைத்துக் காட்டினார். நெகிரி செம்பிலான் போன்ற மேட்டு நிலங்களில் காட்டை அழித்தபோது, வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் கொசு பெருகியது. அதாவது, கோளாறு ரத்தத்தில் இல்லை, ஓடையில் இருந்தது. ரத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் கால்வாய் வெட்ட வேண்டியதில்லை. இனமேம்பாட்டு வாதத்தின் வசதியே அதுதான்.

சின்னத் தாத்தா குற்றவாளி ஆகவில்லை. லயத்து வாசலில் மணலைப் பரப்பி, பால்மரக் காட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருத்தி என் அம்மா. இன்றைக்கும் 'ழ'வை அவர் எழுதின மாதிரியேதான் வால் நீட்டி எழுதுவார்.