பெரிய ரிமோட் லாரிகளும் மின்சாரக் கணக்கும்

ரிமோட்டில் ஓடும் பெரிய மாடல் லாரியைப் பார்த்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதுதான். ஆனால் அதை உருவாக்கியவர்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி வேறு. பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரத்தை எடுக்க விடுவது? எங்கே "போதும்" என்று தடுப்பது? இந்த லாரிகளின் வரலாறே அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களின் வரலாறுதான்.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. டமியா நிறுவனம் 1976-ல் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. 1987-ல் அதே நிறுவனத்திலிருந்து 'கிளாட் பஸ்டர்' என்ற ராட்சத லாரி வந்தது. முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என இரண்டு 540 ரக மோட்டார்கள். பேட்டரியோ ஒன்றே ஒன்று, 7.2 வோல்ட். சின்னக் கார்களுக்குப் போடும் அதே பேட்டரி!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு 540 மோட்டார் நல்ல திறனோடு ஓடும்போது சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 26. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரியின் கொள்ளளவு 1200 மில்லிஆம்பியர்-மணி. அப்படியே தொடர்ந்து இழுத்தால் 3 நிமிடம்கூடத் தாங்காது. சக்கரம் கல்லில் சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு மோட்டாரும் 70 ஆம்பியர் வரை கேட்கும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு கம்பெனிக்குச் சொத்து இருப்பது வேறு, கேட்ட நேரத்தில் ரொக்கம் கையில் இருப்பது வேறு. பேட்டரியின் கொள்ளளவு சொத்து மாதிரி, ஆம்பியர் ரொக்கம் மாதிரி. எல்லாக் கடன்காரர்களும் ஒரே நாளில் வந்து நின்றால் நல்ல கம்பெனியும் தள்ளாடும். பேட்டரியும் அப்படித்தான். ஒரே சமயத்தில் அதிக ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் சட்டென்று சரிந்துவிடும்.

அன்றைக்கு வேகத்தைக் கட்டுப்படுத்திய விதம் இன்னும் வேடிக்கை. ஒரு சர்வோ மோட்டார் ஒரு கையை நகர்த்தும். அந்தக் கை செப்புத் தகடுகளைத் தொடும். மெதுவாகப் போக வேண்டுமென்றால் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். வேகம் குறையும், ஆனால் மிச்சமான சக்தி பேட்டரியில் தங்காது. ரெசிஸ்டரில் சூடாகி வீணாகும். அதாவது, மெதுவாக ஓட்டினாலும் அதற்கேற்ற சிக்கனம் கிடையாது!

மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பரவியபோதுதான் இது மாறியது. மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தன. பாதி வேகம் வேண்டுமா? பாதி நேரம் மட்டும் மின்சாரம். வீணாகும் சூடு வெகுவாகக் குறைந்தது.

இன்னொரு வழி கியர். 1993-ல் டமியா வெளியிட்ட 'கிங் ஹாலர்', டிரெய்லர் இழுக்கும் 1/14 அளவு லாரி. மோட்டார் ஒன்றுதான். ஆனால் ரிமோட்டிலேயே மாற்றக்கூடிய மூன்று கியர்கள் உண்டு. முதல் கியரில் போட்டால் மோட்டார் திணறாமல் சுற்றும், அதிக ஆம்பியரும் கேட்காது. நிஜ லாரி டிரைவர் மேட்டில் செய்வதும் இதுதானே?

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனம் 'ஈ-மேக்ஸ்' லாரியில் வேறு கணக்குப் போட்டது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து வோல்டேஜை இரட்டிப்பாக்கியது. வோல்டேஜ் இரட்டித்தால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும். ஆம்பியர் பாதியானால் ஒயரில் உண்டாகும் சூடு நான்கில் ஒரு பங்காகும். ஊர்களுக்கிடையே மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பிகளில் அனுப்புவதும் இதே காரணத்தால்தான்.

பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரிகள் வந்தன. இவை 100 ஆம்பியருக்கு மேல் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கும். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, தலைகீழானது! முன்பு பேட்டரியால் கொடுக்க முடியவில்லை. இப்போது தாராளமாகக் கொடுத்து, மோட்டாரையும் ஒயரையும் எரித்துவிடும். ஒரு செல் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியே கெட்டுப்போகும். கெட்டுப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் வோல்டேஜ் குறைந்தால் தானே நிறுத்தும் வசதியும், சூடு அதிகமானால் அணையும் வசதியும் கட்டாயமாயின.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஆரம்ப காலத்தில் ரிசீவருக்கென்று தனியாகச் சின்ன பேட்டரி இருந்தது. எடையைக் குறைக்க, பிரதான பேட்டரியிலிருந்தே சுமார் 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் சர்க்யூட் வந்தது. மூளைக்கும் தசைக்கும் ஒரே சாப்பாடு! பெரிய லாரியின் திருப்பும் சர்வோவும் மோட்டாரும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழுத்தால் ரிசீவருக்குப் போதிய வோல்டேஜ் கிடைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வோல்டேஜ் சரிந்தால் அது அணைந்து, மறுபடி விழித்து, ரிமோட்டைத் தேட வேண்டும். அதுவரை லாரி யார் பேச்சையும் கேட்காது.

2015-ல் வந்த டிராக்ஸஸ் 'எக்ஸ்-மேக்ஸ்' 8 கிலோவுக்கு மேல் எடை. பின்னர் அது 8 செல், அதாவது 29.6 வோல்ட் வரை போனது. அந்த எடை, அந்த வேகத்தில், கட்டுப்பாடில்லாமல் ஒரு குழந்தையின் காலில் மோதினால்? இனி அதைப் பொம்மை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பெரிய லாரி வைத்திருக்கும் அனுபவசாலிகள் பலர் ரிசீவருக்குத் தனி மின்சாரம் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆக, 1987-ல் "எப்படி இன்னும் கொஞ்சம் மின்சாரம் வாங்குவது?" என்று தொடங்கிய கேள்வி, இன்று "எப்படி வேண்டாம் என்று சொல்வது?" என்பதில் வந்து நிற்கிறது. ஒரு நல்ல லாரியை அடையாளம் காண அதன் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், நண்பர்களே. அதை எது தடுத்து நிறுத்தும் என்றும் கேளுங்கள்.