பழியும் பரிகாரமும்

கி.மு. 399ஆம் ஆண்டில் ஆதென்ஸ் நகரத்து மன்றிலே சோக்கிரதீஸ் ஆற்றிய உரையைப் பிளேட்டோ ஒரு நூலாக்கினார். அதன் பெயர் 'அப்போலொஜி'. இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கேட்போர் மன்னிப்பு வேண்டுதல் என்றே பொருள் கொள்வர். சோக்கிரதீஸோ எவரிடமும் மன்னிப்பு வேண்டினாரல்லர். தமக்குத் தகுந்த தண்டனை, நகரத்தார் செலவில் உணவு பெறுவதே என்று சொன்ன மனிதர் அவர்! கிரேக்கத்தில் அச்சொல் பழியை மறுத்துரைத்தலையே குறித்தது. பிழையை ஏற்று வருந்துதல் என்னும் பொருள் பின்னர் ஆங்கிலத்திலே படிந்தது.

யாழ்ப்பாணத்திலும் அத்தகைய மறுப்புரை ஒன்று பிறந்தது. 1854இல் ஆறுமுக நாவலர் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவராதலின், பாதிரிமாரின் வேதத்தைக் கொண்டே அவர்கள் கூறிய பழிகளுக்கு விடையிறுத்தார். ஆயின் அவர் தெரிந்த சொல்லைப் பாருங்கள். பழியை நீக்குவதும் பரிகாரம். செய்த பிழைக்குக் கழுவாய் தேடுவதும் பரிகாரம். நோய் தீர்க்கும் நாட்டு வைத்தியரும் யாழ்ப்பாணத்தாருக்குப் பரிகாரியே.

ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர் நாவில் வேறொரு பழஞ்சொல் வழங்கியது: பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் சைவர்க்குப் பாடிப் புகழ்தல். கோவிலில் குருவின் முன் முழந்தாளிடுவோனுக்கோ அது வாய்விட்டுச் சொல்லுதல். 'பிழை செய்தேன்' என்று பொதுப்படக் கூறுதல் போதாது. இன்ன பாவம், இத்தனை முறை என்று சொல்லவேண்டும். தமிழில் 'பொறுத்தருள்க' என்று வேண்டுவதிலும் ஒரு கடுமை உண்டு. பொறை என்பது சுமையுமாகும். பிழைத்தவன், பிழைக்கப்பட்டவனையே சுமக்கும்படி கேட்கிறான். எதைச் சுமப்பது என்றாவது அவன் முதலில் சொல்லவேண்டாமா?

அவ்வாறு பெயர் சொல்லிய வேளைகள் இலங்கையில் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயல்களுக்காகச் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2004 ஜூலையில் தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமைக்காகப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க 2016 டிசம்பரில் பாராளுமன்றத்திலே வருத்தம் தெரிவித்தார். முன்னதற்கு 21 ஆண்டும் பின்னதற்கு 35 ஆண்டும் சென்றன. காலந்தாழ்ந்தவைதாம், எனினும் எச்செயலுக்காக என்பது மறைக்கப்படவில்லை.

தீவகத்தாருக்கு 1985 மே 15 மறக்கவியலாத நாள். நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 20 பேருக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரைச் சுட்டினர். அரசின் பக்கமிருந்து வந்தது கிரேக்கப் பொருளிலான விடையே. குமுதினியோ அதன் பின்னரும் பல்லாண்டு அதே கடலில் நெடுந்தீவாரை ஏற்றியிறக்கியது.