கொதிக்கும் மணல்

கடலை வறுக்கிறவர் சட்டியில் மணலைப் போட்டு வறுப்பார், பார்த்திருப்பீங்க. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்த மணல்தான். அதற்கு அடியிலிருந்து காற்றை வேகமாக ஊதினால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் மணல் மொத்தமும் மிதந்து, உலைத்தண்ணி மாதிரி தளதளன்னு கொதிக்க ஆரம்பிக்கும்.

1921 டிசம்பரில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் கவனித்தது இதைத்தான். அவர் வைத்திருந்தது மணல் இல்லை, கரித்துகள்கள். 1926ல் லாய்னா ஊரில், நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும் உலையாக அது வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனா இதையே கொதிகலனில் வைத்து நீராவி எடுக்கலாமேன்னு தீவிரமாக யோசிக்க 1960கள் வரை ஆச்சு!

யோசித்தவர் இங்கிலாந்தின் டக்ளஸ் எலியட். கொதிக்கிற அந்தப் படுகைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்களை முக்கி வைத்தால், துகள்கள் மோதி மோதி சூட்டைக் கடத்தும், கொதிகலனைச் சின்னதாகக் கட்டலாம் என்பது கணக்கு. ஆனால் பெரிய மின்நிலையங்கள் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதி எரிக்கிற முறையை விடவில்லை.

சுத்தம் எங்கே வந்தது என்கிறீர்களா? அதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். மாவு நிலக்கரியின் சுவாலை 1300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மணல் படுகையோ 800லிருந்து 900க்குள் நிற்கும். அந்தச் சூட்டில் சாம்பல் உருகி ஒட்டாது. காற்றிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சும்மா இருக்கும். கூடவே சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் கந்தகத்தை அது பிடித்துக்கொள்ளும், அதற்குத் தோதான சூடும் சரியாக 850 பக்கம்தான். படுகையில் எரிபொருள் சில சதவீதம்தான், மிச்சமெல்லாம் மணலும் சாம்பலும். அதனால் ஈரக்கரியோ, மரப்பட்டையோ, உமியோ, உள்ளே விழுந்ததும் பற்றிக்கொள்ளும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எல்லாருக்கும் இது ஞாபகம் வந்தது. ஃபின்லாந்தின் ஆல்ஸ்ட்ராம் கம்பெனி காற்றின் வேகத்தைக் கூட்டியது. மணல் பறந்து வெளியே போகும், சைக்ளோன் அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ளும். அவர்களுடைய முதல் வணிகக் கொதிகலன் 1979ல் பிஹ்லாவாவில். 2009ல் போலந்தின் வாகிஷாவில் 460 மெகாவாட், 2013ல் சீனாவின் பைமாவில் 600.

நம்ம நெய்வேலியிலும் இதே வகையில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு கட்டினார்கள். பல வருஷத் தாமதத்துக்குப் பிறகு 2015ல்தான் வணிக உற்பத்திக்கு வந்தன. எந்தக் குப்பையையும் எரிக்கும் என்பது பேச்சுக்குச் சரி, அந்த வேகத்தில் பறக்கிற மணல் குழாய்க்கும் சுவருக்கும் உப்புத்தாள் மாதிரி :-)

இதை 'சுத்தமான நிலக்கரி' என்று விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. கந்தகத்தைப் பிடிக்கிற சுண்ணாம்புக்கல் முதலில் சூட்டில் உடைந்து தன் பங்குக்கும் கார்பன் டை ஆக்சைடை விடும். அதே குறைந்த சூட்டில் நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக உண்டாகும். எடைக்கு எடை பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும்.