மதராஸ் குலாம் காசிமும் ஒரு குதிரையும்

சென்னையின் சதுரங்க வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1961-ல் தொடங்குவார்கள். மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன ஆண்டு அது. பிறகு 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர், 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் என்று கதை நீளும். ஆனால் ஆரோனுக்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே மதராஸில் ஒரு சதுரங்க நூல் அச்சாகியிருக்கிறது. ஆண்டு 1829. எழுதியவர்கள் இருவர். ஒருவர் மதராஸைச் சேர்ந்த குலாம் காசிம். மற்றவர் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஜேம்ஸ் காக்ரேன்.

அந்த நூல் பிறந்ததற்கு ஒரு போட்டி காரணம். 1828-ல் மதராஸுக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலம் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. தந்தி இல்லாத காலம். ஒரு நகர்த்தலை எழுதி அனுப்பினால் பதில் தபாலில்தான் வரவேண்டும். லண்டனும் எடின்பரோவும் இதே போலக் கடிதத்தில் மோதிய புகழ்பெற்ற போட்டி 1824-ல் தொடங்கி 1828-ல்தான் முடிந்தது. அதாவது ஐரோப்பாவில் நடந்தது கிட்டத்தட்ட அதே சமயத்தில் இங்கேயும் நடந்திருக்கிறது. மதராஸ் தரப்பை முன்னின்று நடத்தியவர் குலாம் காசிம். வென்றதும் மதராஸ்தான்.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அன்று இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கமும் ஐரோப்பிய சதுரங்கமும் ஒன்றல்ல. நம் ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயாது. ராஜாவும் யானையும் சேர்ந்து கோட்டை கட்டுவதும் கிடையாது. 1814-ல் பம்பாயில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி வெளியிட்ட சதுரங்க நூலின் தலைப்பிலேயே 'ஐரோப்பிய முறைக்கு ஏற்ப' என்ற விளக்கம் இருக்கிறது. குலாம் காசிம் ஆராய்ந்ததும் ஐரோப்பிய முறை ஆட்டத்தைத்தான்.

அவரும் காக்ரேனும் எடுத்துக்கொண்ட புதிர் 'முசியோ காம்பிட்'. பலகை இருந்தால் காய்களை வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ராஜா முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகின்றன. வெள்ளை தன் எஃப் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளிப் பலியாகக் கொடுக்கிறது. கறுப்பு அதை வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது. வெட்டிய சிப்பாயைக் காப்பாற்றக் கறுப்பு ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. வெள்ளை மந்திரி சி4-க்கு வருகிறார். கறுப்பு ஜி சிப்பாயை மேலும் ஒரு கட்டம் தள்ளிக் குதிரையை மிரட்டுகிறது. எல்லோரும் குதிரையை நகர்த்தத்தான் நினைப்பார்கள். முசியோவிலோ வெள்ளை கோட்டை கட்டிவிட்டுக் குதிரையை அப்படியே விட்டுவிடுகிறது!

போன குதிரைக்கு என்ன கிடைத்தது? குதிரையை வெட்டிய சிப்பாயை வெள்ளை ராணி வெட்டுகிறாள். இப்போது ராணி, யானை, மந்திரி மூன்றும் கறுப்பு ராஜாவின் பக்கத்தில் உள்ள எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கின்றன. கறுப்பு ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறார். இந்த வேகத்தைக் கொண்டு கட்டாயமாக வெல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

'வெல்லும் வழி' என்பதற்கு ஒரு கண்டிப்பான பொருள் உண்டு. எதிராளி தவறு செய்தால் வெல்வது வழி ஆகாது. அவர் எதை ஆடினாலும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். உதாரணமாக, கறுப்பு ராணியை எஃப்6-ல் நிறுத்துவது பலமான தற்காப்பு. அதற்கு வெள்ளை ஈ சிப்பாயையும் முன்னே தள்ளிக் கொடுக்கும். ராணி அதை வெட்டினால் ஈ வரிசை திறந்துவிடும். அங்கே ராஜாவும் ராணியும் ஒரே கோட்டில் நிற்பார்கள். இப்படிக் கறுப்புக்கு ஒவ்வொரு முறையும் 3 நல்ல பதில்கள் என்று வைத்துக்கொண்டாலே ஐந்து நகர்த்தலில் 243 கிளைகள் வந்துவிடும். இந்தக் கிளைகளைக் கணினி இல்லாமல் கையால் காய் நகர்த்தித்தான் அன்று ஆராய வேண்டியிருந்தது.

கோட்டை கட்டுவதற்குப் பதிலாக டி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுப்பலகையைப் பிடிக்கும் வழியும் உண்டு. குதிரை அப்போதும் பலிதான். அந்த நகர்த்தலுக்குச் சதுரங்க நூல்களில் இன்றும் 'குலாம் காசிம் காம்பிட்' என்றே பெயர்.

வேடிக்கை என்னவென்றால், முசியோ காம்பிட்டைக் கண்டுபிடித்தவர் முசியோ அல்ல. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பொலேரியோவின் குறிப்புகளிலேயே அது இருக்கிறது. இடையில் வந்த ஒருவர் பெயர் தவறுதலாக ஒட்டிக்கொண்டது. உழைத்து ஆராய்ந்த குலாம் காசிமுக்கோ ஒரு கிளையில் மட்டும் பெயர் மிஞ்சியது.

1913-ல் ஜெர்மானியக் கணிதர் செர்மெலோ, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஒரு பக்கம் கட்டாயம் வெல்ல முடியும், இல்லையென்றால் இரு பக்கமும் டிராவையாவது உறுதி செய்ய முடியும் என்று காட்டினார். எது உண்மை என்பது சதுரங்கத்துக்கு இன்னும் தெரியவில்லை. செக்கர்ஸ் ஆட்டம் டிரா என்று 2007-ல் கணினி கொண்டு நிரூபித்தார்கள். சதுரங்கத்தில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை மிஞ்சும் முடிவாட்டங்கள் மட்டுமே முழுதாகத் தீர்க்கப்பட்டுள்ளன.

கணினி செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்: எதிராளியின் மிகச் சிறந்த பதிலைத் தேடி, அதற்கும் விடை கண்டுபிடிப்பது. அந்த வேலையை 1829-லேயே அச்சில் ஏற்றிய ஊர் மதராஸ். சென்னை சதுரங்கத்தின் கதையைச் சொல்லும்போது குலாம் காசிம் பெயரில் தொடங்குவதே நியாயம்.