மனுவை எழுதியவர் யார்? ஓர் இணைய நிறுவனம் அரசை அணுகிய வரலாறு

தாராவியில் எங்கள் பாட்டனார் தலைமுறைக்கு அரசு என்பது பெரும்பாலும் ஒரு மனுவாகவே இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தவர்களில் பலருக்கு மராத்தியோ ஆங்கிலமோ எழுத வராது. தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் அட்டைக்கும் விண்ணப்பிக்க, எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். அவர் முதலில் 'உங்கள் குறை என்ன?' என்று கேட்பார். அதன் பிறகே தாளை எடுப்பார். சொற்கள் அவருடையவை, குறை மனுதாரருடையது.

2015 டிசம்பரில் இந்த வரிசை தலைகீழானது. மனு முதலில் எழுதப்பட்டது. மனுதாரர்கள் பிறகு திரட்டப்பட்டார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், நவி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து 'இன்டர்நெட்.ஆர்க்' சேவையைத் தொடங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட இணையதளங்களை டேட்டா கட்டணமின்றிப் பார்க்கலாம். மகாராஷ்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில், தமிழிலும் மராத்தியிலும்கூட அது கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதன் பெயர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' ஆனது. எதிர்த்தவர்களின் கேள்வி எளியது: எந்தத் தளம் இலவசம், எது கட்டணத்துக்குரியது என்பதை ஒரு தனியார் நிறுவனம் தீர்மானிக்கலாமா? இதற்கு 'இணையச் சமநிலை' என்று பெயர் வந்தது.

டிசம்பர் 9 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்) வேறுபட்ட டேட்டா கட்டணங்கள் பற்றிக் கருத்துக் கேட்டு ஓர் ஆவணத்தை வெளியிட்டது. உடனே நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், தெருவோரங்களில் பெரும் பலகைகள். டிசம்பர் 28 அன்று 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் மார்க் ஸுக்கர்பெர்க்கே ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபேஸ்புக் பயனர்களின் திரையில் ட்ராய்க்கு அனுப்பத்தக்க ஒரு கடிதம் ஆயத்தமாக வந்து நின்றது. பொத்தானை அழுத்தினால் போதும். கடிதத்தில் பேசுவது தன்மை இடம், எழுதியது நிறுவனம். மொழியியல் படித்தவர்களுக்கு இந்த இலக்கணம் கவனத்துக்குரியது.

இலட்சக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. ட்ராய் மகிழவில்லை. தான் கேட்ட குறிப்பான கேள்விகளுக்கு அக்கடிதங்களில் விடை இல்லை என்று சுட்டி, கலந்தாய்வைக் கருத்துக்கணிப்பாக மாற்றும் முயற்சி என்று கண்டித்தது. ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் பலர் திட்டத்தை எதிர்த்துக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தின் அடிப்படையில் வேறுபட்ட கட்டணம் வசூலிப்பதை ட்ராய் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 இலட்சம் ரூபாய் அபராதம். சில நாள்களில் ஃபேஸ்புக் இத்திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது.

பொதுவாகக் கதையை இங்கே முடித்து வெற்றி என்று எழுதுவார்கள். வரலாற்று மாணவருக்கு இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது: இந்த முயற்சிக்கு ஆன செலவு எவ்வளவு, அது எந்த ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது?

அமெரிக்காவில் விடை காண்பது கடினமன்று. அங்கே 1995ஆம் ஆண்டின் லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி, நிறுவனங்கள் எவ்வளவு செலவிட்டன, எந்தப் பொருள் குறித்து, எந்த அரசு அமைப்பை அணுகின என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதனால்தான் கூட்டரசை அணுக ஃபேஸ்புக் 2009இல் ஏறத்தாழ 2 இலட்சம் டாலரும், 2015இல் 98.5 இலட்சம் டாலரும், 2020இல் ஏறத்தாழ 1.97 கோடி டாலரும் செலவிட்டதை நாம் சொல்ல முடிகிறது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. 2012 டிசம்பரில் வால்மார்ட் விவகாரத்தால் நாடாளுமன்றம் கொந்தளித்ததே, அந்தச் செய்திகூட அமெரிக்க செனட்டில் தாக்கலான அறிக்கைகளிலிருந்து கிடைத்ததுதான். 2008 முதல் ஏறத்தாழ 2.5 கோடி டாலர் செலவு. அணுகிய பொருள்களில் ஒன்று இந்தியச் சந்தையில் நுழைவு. நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை நடந்தது. 2013இல் மக்களவை உறுப்பினர் காளிகேஷ் சிங் தேவ் லாபி வெளிப்படுத்தல் பற்றிய தனிநபர் மசோதாவை முன்வைத்தார். அது சட்டமாகவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2015 ஏப்ரலில், ஃப்ரீ பேசிக்ஸ் கலந்தாய்வுக்கு முன்பே, இணையச் சமநிலையை ஆதரித்துப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ட்ராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ட்ராய் அவற்றை அனுப்பியவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரிகளோடு தன் இணையதளத்தில் வெளியிட்டது. குடிமகனின் முகவரி பொது ஆவணமாயிற்று. நிறுவனத்தின் செலவுக் கணக்கு ஆகவில்லை. வெளிப்படைத்தன்மை எளியவர் மீது மட்டும் விழுந்த வெளிச்சமாக இருந்தது.

பம்பாய்க்கு இந்த அரசியல் புதியதன்று. மான்செஸ்டர் வணிகர்களின் நெருக்குதலால் பருத்தித் துணி மீதான இறக்குமதி வரி 1882இல் நீங்கியது. 1896இல் இந்திய ஆலைத் துணி மீதே 3.5 விழுக்காடு கலால் வரி ஏறியது. எதிர்த்தரப்பில் 1875இல் தோன்றிய பம்பாய் ஆலை அதிபர்கள் சங்கம் நின்றது. இரு தரப்பும் தம் பெயரிலேயே மனு எழுதின. அவை அச்சிலும் ஏறின. ஆகவே, ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிறகும் யார் எதைக் கேட்டார், யாருக்காகக் கேட்டார் என்று நம்மால் எழுத முடிகிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்து வணிக நெருக்குதலைப் பற்றி நமக்குள்ள சான்று, பத்தாண்டுக்கு முந்தைய நெருக்குதலைப் பற்றி இல்லை.

'லாபி' என்ற சொல் நாடாளுமன்றத் தாழ்வாரத்தைக் குறித்தது. தமிழில் அது ஒரு வசைச்சொல்லாகவே புழங்குகிறது; சட்டத்தில் அதற்கு வரையறை இல்லாதபோது வசைக்கு மேல் எதுவும் செய்ய இயலாது. நிறுவனங்கள் அரசை அணுகுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆலை அதிபர்களும் அணுகினார்கள், தாராவிக்காரர்களும் அணுகினார்கள். மனுவின் அடியில் எழுதியவரின் பெயரும் செலவும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அரசியல், ஊடகவியல், மொழியியல் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை: ட்ராயின் கலந்தாய்வு ஆவணங்களை வெறும் கொள்கைத் தாள்களாகப் பார்க்காமல் மனு இலக்கியமாகப் படியுங்கள். ஒவ்வொரு 'நான்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் யார் நிற்கிறார் என்று கேளுங்கள்.