ஃபின், சுவோமி

பின்லாந்து மக்களை ரஷ்யர் ‘ஃபின்’ என்பர், ஜெர்மானியர் ‘ஃபின்னே’ என்பர். அந்த மக்களோ தங்களைச் ‘சுவோமலாய்னென்’ என்றும் நாட்டைச் ‘சுவோமி’ என்றும் சொல்கிறார்கள். அண்டையிலுள்ள எஸ்தோனியரும் லாத்வியரும் லிதுவேனியரும் அந்த உள்நாட்டுப் பெயரையே ஒட்டி அழைக்கிறார்கள். எஸ்தோனிய மொழியில் ‘சோம்லானே’.

‘ஃபின்’ வெளியார் இட்ட பெயர். அது முதலில் வேறொரு மக்களுக்கு உரியதாக இருந்திருக்க வேண்டும். கி.பி. 98இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிய ‘ஜெர்மானியா’வில் ‘ஃபென்னி’ என்ற வேட்டைக் குடி வருகிறது. அது வடகோடியில் வாழும் சாமி மக்களின் முன்னோரைக் குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நார்வேயில் ‘ஃபின்’ நெடுங்காலம் சாமிகளையே சுட்டியது. ஃபின்மார்க் என்ற வட மாவட்டத்தின் பெயர் அதற்குச் சான்று. அங்கே குடியேறிய பின்னியருக்கு ‘க்வென்’ என்று தனிப்பெயர்.

பின்லாந்தில் பேசப்படும் சுவீடிய மொழியில் உள்ள வேறுபாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஃபின்னே’ என்றால் பின்னிய மொழி பேசுபவர். ‘ஃபின்லேண்டாரே’ என்றால் எந்த மொழி பேசினாலும் அந்நாட்டவர். சுவீடிய மொழி பேசும் பின்லாந்துக்காரர் இரண்டாவதை ஏற்பார், முதலாவதைப் பொதுவாக ஏற்கமாட்டார்.